கேக்காம வர்ற டிக்கெட்

எந்தக் கம்பெனின்னுதானே கேட்டீங்க சார்? சட்டையிலேயே நூல்ல தச்சிருக்கு பாருங்க. கொஞ்சம் வெளுத்துப் போச்சு, அவ்வளவுதான். தினம் துவைச்சு தினம் போடறது, வெளுக்காம என்ன பண்ணும். ஒரகடத்துல பிரேக் ட்ரம் செய்யற கம்பெனி. பெரிய லாரிக்கெல்லாம் போடறது. நான் அங்க லைன் லீடர். பதினெட்டு வருஷம். ஏழாம் நம்பர் மெஷின் வந்து எறங்கினப்போ மரப்பெட்டியைப் பிரிச்சதே நான்தான். பேரு தணிகாசலம். நீங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

நீங்களும் ஒரகடத்துலதான் எறங்கணுமா? மச்சான் வீட்டுக்கா? எறங்கலாம், எறங்கலாம், இன்னும் நேரம் இருக்கு. வாலாஜாபாத் தாண்டிட்டா இந்த பஸ்ஸு ஊர்ந்துகிட்டுதான் போகும். அந்த ஷட்டரை எறக்கி விட்டுக்குங்க சார், தை மாசக் காத்து காதுக்குள்ள போகும்.

கண்டக்டர் நம்மளைத் தாண்டிப் போனாரே, கவனிச்சீங்களா? உங்ககிட்ட கேட்டார். முன்னாடி கூடைக்காரம்மாகிட்ட கேட்டார். என்கிட்ட கேக்கல. கேக்க மாட்டார், தினமும் இப்படித்தான். கொஞ்ச நேரத்துல டிக்கெட் தானா வரும் பாருங்க. முன்னாடிலேர்ந்து ஒவ்வொருத்தர் கையா மாறி உங்க கைக்கு வரும், நீங்க எனக்குக் குடுப்பீங்க. நான் காசை நீட்டறதில்ல, வாயைத் திறக்கறதில்ல. வீட்டைவிட்டுக் கெளம்பும்போதே டிக்கெட் என் கையில இருக்கற மாதிரி மனசுல பாத்துடுவேன். கலர்கூடத் தெரியும். அதுக்கு ஒரு பயிற்சி இருக்கு சார்.

சிரிக்காதீங்க. இப்படிச் சிரிச்சவங்கள நான் நெறையப் பாத்துட்டேன். எங்க கேன்டீன்ல, பின்வரிசையில உக்காந்து சிரிச்சாங்க. அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க தெரியுமா? சரி, அவங்கள்ல கொஞ்சம் பேரு இப்ப உள்ள வேலை பாக்கறாங்க. அது வேற விஷயம்.

நான் இப்ப ஒரு மாற்றத்துல இருக்கேன். நீங்க மனசுல என்ன வார்த்தை நெனக்கறீங்களோ அதை நாங்க சொல்றதில்ல. சொல்லவே கூடாது. சொன்னா அது ஒட்டிக்கும். எங்களுக்கு அது மாற்றம்.

போன சித்திரையில ஒரு நாளு, ஷிஃப்ட்டு முடியறதுக்கு முன்னாடி எல்லாரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னாங்க. எலுமிச்சை சாதம், கேசரி. இன்னிக்கு என்ன விசேஷம், எதுக்குக் கேசரின்னு டில்லிபாபு கேட்டான். டில்லிபாபுன்னா என் லைன்ல ஆபரேட்டர். கைவேலை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து உக்காந்ததும் எச்.ஆர். மேடம் ஒரு பேப்பரைப் பிரிச்சுப் பேரு படிச்சாங்க. பேரு வந்தவங்க நாளைலேர்ந்து வர வேணாம். இங்கிலீஷ் எழுத்து வரிசையில படிச்சாங்க. டில்லிபாபு பேரு சீக்கிரமே வந்துடுச்சு. எனக்கு டி, கடைசிக்குக் கிட்ட. எஸ் முடியற வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.

சில பேரு அழுதாங்க. டில்லிபாபு நாற்காலியைத் தூக்கிப் போட்டான். கேட்டுல ஐ.டி. கார்டைக் குடுத்துட்டுப் போங்கன்னு சொன்னாங்க. சட்டையைக் கேக்கல. அப்பத்தான் மாஸ்டர் உள்ள வந்தார், இந்தப் பயிற்சியெல்லாம் சொல்லிக் குடுத்தவர். வெள்ளை ஜிப்பா, காதோட ஒட்டின மைக்கு, மொகத்துல அப்படி ஒரு களை. கம்பெனியே காசு குடுத்து எங்களுக்காக வரவழைச்சிருந்தாங்க. வேற எந்தக் கம்பெனி சார் இதைச் செய்யும்? போன்னு சொன்ன கையோட, மனசு உடைஞ்சுடக் கூடாதேன்னு ஒரு ஆளையும் கூட்டிட்டு வந்து நிறுத்தினாங்களே, அந்தப் பெருந்தன்மையை நான் இன்னிக்கும் நெனச்சுப் பாக்கறேன். தினமும் காலையில அதுக்கு ஒரு நன்றி சொல்லணும். அதுவும் பயிற்சியில ஒண்ணு.

"நீங்க இன்னிக்கு எதையும் இழக்கல, உங்களுக்கு ஒரு பெரிய வாழ்க்கை தயாரா நிக்குது, கை தட்டுங்க"ன்னார் மாஸ்டர். நான் முன்வரிசை. தட்டினேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பிப் பாத்தா வேற யாரும் தட்டல. மாஸ்டர் என்னைக் கையைக் காட்டி, "இந்த அண்ணன் ஜெயிச்சுட்டார்"னார். அத்தனை பேரு முன்னாடி. பதினெட்டு வருஷத்துல மேடையிலேர்ந்து என்னை யாரும் அப்படிக் கையைக் காட்டிச் சொன்னதில்ல சார்.

கையில இந்த ரப்பர் பேண்டு அவர் ஆரம்பிச்சு வச்சதுதான். ஒரு டப்பா நெறையக் கொண்டுவந்து ஆளுக்கு ஒண்ணு குடுத்தார். கெட்ட நெனப்பு வந்தா இழுத்து விடணும். சுரீர்னு ஒரு அடி, நெனப்பு ஓடிடும். அறுந்து போனா அதே சிவப்புல வாங்கி மாட்டிக்குவேன். புண்ணு ஒண்ணுமில்ல சார், காய்ச்சுப் போயிருக்கு, அவ்வளவுதான்.

அப்புறம் கண்ணாடி. காலையில எழுந்ததும் கண்ணாடி முன்னாடி நின்னு, "என் நாற்காலி எனக்காகக் காத்திருக்கு"ன்னு சொல்லணும். நான் நின்னுகிட்டுதான் வேலை பாப்பேன், நாற்காலி கெடையாது. இருந்தாலும் சொல்லுவேன். அப்புறம், எது வேணுமோ அது நடந்து முடிஞ்ச மாதிரியே நடந்துக்கணும். வேலைக்குப் போறவன் எப்படிக் கெளம்புவானோ அப்படிக் கெளம்பணும். அதனாலதான் சட்டை. அதனாலதான் இந்த பஸ்ஸு. அப்புறம், குறை சொல்ற மனுஷங்ககிட்டேர்ந்து தள்ளி இருக்கணும். அது சொந்த ரத்தமா இருந்தாலும் தள்ளி இருக்கணும்னு மாஸ்டர் அழுத்திச் சொன்னார்.

சட்டைப் பையில ஏன் கைய வச்சுக்கிட்டே இருக்கேன்னு பாக்கறீங்களா? ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன்.

அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் எங்க வீட்டுக்காரம்மா கோமளா கேட்டாங்க, "என்னாங்க, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" நான் ரெண்டு ரப்பர் பேண்டை எடுத்து அவங்களுக்கு ஒண்ணும் எங்க பொண்ணுக்கு ஒண்ணும் மாட்டி விட்டேன். கேன்டீன் மேஜை மேல நெறைய மிஞ்சிக் கெடந்துச்சு, எடுத்துட்டு வந்திருந்தேன். விஷயத்தைச் சொல்லாம, பயிற்சியை மட்டும் சொன்னேன். கோமளாவுக்கு உடனே புரிஞ்சுபோச்சு. வாயைப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சாங்க. "இழுத்து விடு, இழுத்து விடு"ன்னேன். எங்க பொண்ணு ஹேமாவதி, அப்பத்தான் பி.காம். கடைசிப் பரீட்சை எழுதிட்டு வந்திருந்தா, அவ என் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் அம்மா கையில இருந்த பேண்டைக் கழட்டி அடுப்புக்குப் பின்னாடி போட்டா. அவளுக்கு அப்பவே நம்பிக்கை இல்ல. ஆரம்பத்திலேர்ந்தே அவகிட்ட ஒரு எதிர்மறை இருந்திருக்கு. நான்தான் கவனிக்கல.

வேலை வரலையான்னு கேப்பீங்க. வந்துச்சு சார். வராம இல்ல. கோமளாவோட அண்ணன் வாலாஜாபாத்துல ஒரு லேத்து பட்டறையில பேசி வச்சார். நாளைக்கே வரச் சொல்லுங்கன்னாங்களாம். நான் போகல. சின்னதா கேட்டா சின்னதுதான் வரும்னு மாஸ்டர் சொல்லியிருக்கார். ஒரு பெட்ரோல் பங்க்ல கணக்குப் பாக்கக் கூப்பிட்டாங்க, அதுக்கும் போகல. நாம சின்னதைப் பிடிச்சுக்கிட்டா, பெருசு வந்து வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிடும். மச்சானுக்கு இது புரியல. "மாப்ள, சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"ன்னார். அதோட அவர்கூடப் பேச்சு இல்ல. கோமளா இப்ப ஒரு பசங்க ஹாஸ்டல் மெஸ்ல சப்பாத்தி தேய்க்கப் போறாங்க. வீட்ல சும்மா இருக்க முடியல, பொழுது போகணும் இல்லையா. மணிக்கட்டு வீங்கிக்கும். நைட்டு விக்ஸ் தடவிக்குவாங்க.

டில்லிபாபு ஒரு நாளு வீட்டுக்கு வந்தான். எல்லாரும் சேந்து லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறோம், நீங்க சீனியர், நீங்க மொதல் கையெழுத்துப் போட்டா வெயிட்டா இருக்கும் லீடர்னான். மனுன்னா என்ன சார்? குறை. குறையை எழுதிக் கையெழுத்துப் போட்டா, அப்புறம் வாழ்நாள் முழுக்க குறைதான். நான் அவனை உள்ளகூடக் கூப்பிடல. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டே, "தப்பான பாதையில போறே டில்லி"ன்னேன். அவன் போய், மத்தவங்களோட கம்பெனி கேட்டு முன்னாடி உக்காந்தான், வெயில்ல கருகினான், போலீஸ் வந்து தூக்குச்சு. ஆடி மாசம் பேச்சுவார்த்தைன்னு சொல்லி, மனுவுல இருந்தவங்கள்ல பாதிப் பேரை உள்ள எடுத்துக்கிட்டாங்க. டில்லிபாபுவையும் எடுத்துக்கிட்டாங்க. எனக்குப் பொறாமை இல்ல சார். கெஞ்சி வாங்கினது நெலைக்குமா?

அந்த ஆடி முடிஞ்சுதான் ஹேமாவுக்கு ஒரு எடம் வந்துச்சு. உத்திரமேரூர் பக்கம். மாப்பிள்ளை பேரு லோகநாதன், டிராக்டர் ஷோரூம்ல வேலை. அவங்க அப்பா ஏகாம்பரம், மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷன். பொண்ணு பாக்க வந்தப்போ பஜ்ஜியைக் கையில வச்சுக்கிட்டு மெஷினைப் பத்தியே கேட்டுக்கிட்டிருந்தார். என்ன மெஷின், எத்தனை குதிரைசக்தி மோட்டார், கட்டிங் டூல் எங்கேர்ந்து வருதுன்னு. நான் எல்லாம் சொன்னேன். "லைன் லீடரா இருக்கீங்க, பொறுப்பான வேலை"ன்னார். ஆமாங்கன்னேன். அதுல பொய் என்ன சார்? மனசுல நான் அப்பவும் லைன் லீடர்தான்.

அந்தப் பையனை அவளுக்குப் பிடிச்சுப் போச்சு. போன்ல பேச ஆரம்பிச்சாங்க. மாடிப்படியில உக்காந்து சிரிப்பா. எங்க வீட்டுல சித்திரைக்கு அப்புறம் கேட்ட மொத சிரிப்பு அது. கோமளா அடுப்பை சின்னதாக்கிட்டு அதைக் கேட்டுக்கிட்டு நிப்பாங்க. நான் மாஸ்டர் படத்தைப் பாத்து நன்றி சொல்லுவேன்.

ஒரு நாளு ஹேமா என்கிட்ட வந்து உக்காந்தா. "அப்பா, அவங்ககிட்ட சொல்லிடலாம்பா"ன்னா. எதைன்னேன். "தெரியாத மாதிரி கேக்காதீங்கப்பா. அவர் ஒண்ணும் தப்பா நெனக்க மாட்டாரு. அவங்க அப்பாவும் நெனக்க மாட்டாரு. இப்ப சொன்னா ஒரு வார்த்தையில முடிஞ்சுபோயிடும். பின்னாடி தெரிஞ்சா நான் அந்த வீட்ல எப்படி இருப்பேன்? நீங்க சொல்ல வேணாம், நானே சொல்லிக்கறேன்"னா. கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு. நான் பேண்டை இழுத்து விட்டேன், ரத்தம் வர்ற வரைக்கும் இழுத்து விட்டேன். அப்புறம் அவ கையை எடுத்து என் தலைமேல வச்சேன். அந்த வார்த்தையை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னேன். மாட்டேன்னு கையை இழுத்தா. நான் விடல. "உங்க தலைக்கு ஏதாச்சும் ஆயிடும்பா, வேணாம்பா"ன்னா. அதுக்குத்தானே சத்தியம்னேன். கடைசியில பண்ணினா. அன்னிலேர்ந்து மாடிப்படியில சிரிப்பு கொறைஞ்சுபோச்சு. பொண்ணுங்க கல்யாணம் நெருங்கினா அப்படித்தான் இருப்பாங்கன்னு நான் விட்டுட்டேன்.

இப்பத்தான் சார் விஷயத்துக்கே வர்றேன். கேளுங்க. பயிற்சியோட பலன் என்னன்னு அன்னிக்கு என் கண்ணால பாத்தேன்.

ஆயுத பூஜைன்னா எங்க கம்பெனியில திருவிழா மாதிரி. அன்னிக்கு மெஷின் ஓடாது. மொத நாளே எல்லாத்தையும் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, லைன் லைனா வாழைக்கன்னு கட்டிடுவாங்க. வருஷத்துல அந்த ஒரு நாளுதான் குடும்பத்தைக் கூட்டிட்டு உள்ள போகலாம். பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் பட்டு கட்டிக்கிட்டு வந்து, அப்பா வேலை பாக்கற மெஷினைத் தொட்டுப் பாக்கும். பொரி, கடலை, வெல்லம். கடைசியில பேரு படிச்சு ஆளுக்கு ஒரு பெட்டி குடுப்பாங்க, ஸ்வீட்டும் ஒரு எவர்சில்வர் பாத்திரமும்.

சம்பந்தி போன் பண்ணினார். "ஆயுத பூஜைக்கு உங்க கம்பெனிக்குக் குடும்பத்தை விடுவாங்கன்னு சொன்னீங்களே, நாங்களும் வரலாமா? உங்க மெஷினைப் பாக்கணும்"னார். வாங்கன்னேன். கோமளா சொம்பைக் கீழ போட்டுட்டாங்க. வேணாம்னு சொல்லுங்க, காய்ச்சல்னு சொல்லுங்கன்னாங்க. ஹேமா செவுத்தைப் பாத்துக்கிட்டு நின்னா. நான் பயப்படல. தினமும் கண்ணை மூடிப் பாத்தேன். நான் கேட்டுக்குள்ள போறேன், எல்லாரும் வாங்க லீடர்ங்கறாங்க, நான் ஏழாம் நம்பருக்குக் கற்பூரம் காட்டறேன். அப்படியே படம் மாதிரி பாத்தேன்.

அப்படியே நடந்துச்சு சார். ஒரு அட்சரம் மாறல.

கேட்டுல செக்யூரிட்டி முனிரத்தினம் என்னைப் பாத்தார். பின்னாடி பட்டு வேட்டியில சம்பந்தி, அவங்க வீட்டம்மா, மாப்பிள்ளை, கையில பூ பழத்தட்டோட கோமளா, தலை குனிஞ்சு ஹேமா. எல்லாரையும் ஒரு தடவை பாத்தார். கார்டு எங்கன்னு கேக்கல. எழுந்து நின்னு சல்யூட் அடிச்சார். பதினெட்டு வருஷத்துல அவர் எனக்கு சல்யூட் அடிச்சதே இல்ல. உள்ள போனா என் லைன் ஆளுங்க பேச்சை நிறுத்திட்டுப் பாத்தாங்க. ஏழாம் நம்பர் மெஷின் பக்கத்துல டில்லிபாபு, அவன் பொண்டாட்டி, அவன் சின்னப் பொண்ணு. அவன்தான் இப்ப அந்த லைனைப் பாக்கறான். கையில கற்பூரத் தட்டு எரிஞ்சுகிட்டு இருக்கு, காட்டப் போற நேரம். என்னைப் பாத்தான், சம்பந்தியைப் பாத்தான். அப்படியே தட்டை என் கையில குடுத்து, "வாங்க லீடர், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்"னான்.

இதுக்கு மேல என்ன சார் வேணும்? நான் கற்பூரம் காட்டினேன். பூசணிக்காயை என்னைத்தான் உடைக்கச் சொன்னாங்க. சம்பந்தி மெஷினைத் தொட்டுத் தொட்டுப் பாத்தார். நம்ம மெஷின், நம்ம மெஷின்னு அவங்க வீட்டம்மாகிட்ட காட்டினார். மாப்பிள்ளை போட்டோ எடுத்தார். என் ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து, லீடர் இப்படி, லீடர் அப்படின்னு அவர்கிட்ட சொன்னாங்க. நான் கண்ணை மூடி மாஸ்டருக்கு நன்றி சொன்னேன். ஹேமா மட்டும் தூண்ல சாஞ்சு நின்னா, அவ டில்லிபாபுவையே பாத்துக்கிட்டிருந்தா. அவன் அவளைப் பாக்க முடியாம குனிஞ்சு பொரியைக் கட்டிக்கிட்டிருந்தான்.

அதோட கெளம்பியிருக்கணும். சம்பந்திதான், "இருங்க, பெட்டியை வாங்கிட்டே போலாம், என்ன அவசரம்"னார். மேனேஜர் வந்து பேரு படிக்க ஆரம்பிச்சார். அதே இங்கிலீஷ் வரிசை. ஒவ்வொருத்தரும் குடும்பத்தோட போய்ப் பெட்டி வாங்கிட்டு வந்தாங்க. டில்லிபாபு போனான், அவன் பொண்ணு பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. ஆர் போச்சு, எஸ் போச்சு. சம்பந்தி வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டார், என்கூட வந்து நின்னு வாங்கறதுக்கு. டி வந்துச்சு. தமிழ்ச்செல்வன். தங்கராஜ். அப்புறம் வி. மேனேஜர் பேப்பரை மடிச்சுட்டார்.

"உங்க பேரு வரலையே?"ன்னார் சம்பந்தி. லீடருங்களுக்குத் தனியான்னேன். டில்லிபாபு ஓடி வந்தான். "லீடர், உங்களுது என்கிட்ட குடுத்துட்டாங்க"ன்னு தன்னோட பெட்டியை நீட்டினான். நான் வாங்கினேன். ஏன் வாங்கக் கூடாது? வருதுன்னா வாங்கணும், அதுதானே பயிற்சி. அந்தச் சின்னப் பொண்ணு கத்திடுச்சு சார். "அது நம்ம பெட்டிப்பா, நம்ம பெட்டிப்பா"ன்னு. டில்லிபாபு பொண்டாட்டி அது வாயைப் பொத்தினாங்க. பொத்தின கைக்குள்ளேயே அது அழுவுது.

அப்பத்தான் ஹேமா தூண்லேர்ந்து வந்தா. என் கையிலேர்ந்து பெட்டியைப் பிடுங்கினா. முட்டி போட்டு உக்காந்து அந்தக் கொழந்தைகிட்ட குடுத்தா. கண்ணைத் துடைச்சு விட்டா. எழுந்து சம்பந்தியைப் பாத்து, "மாமா, எங்க அப்பாவுக்கு இங்க..."ன்னு ஆரம்பிச்சா. மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கே புரியும். அத்தனை பேரு முன்னாடி, ஏழாம் நம்பர் மெஷின் முன்னாடி, சித்திரையிலேர்ந்து எங்க வீட்ல ஒருத்தர் வாயிலேர்ந்தும் வராத வார்த்தையைச் சொல்லிட்டா. என் தலைமேல அடிச்ச சத்தியம்.

சம்பந்தி சத்தம் போடல. அந்தக் கொழந்தையைப் பாத்தார். "வேலை இருக்கறதும் இல்லாததும் யார் கையில இருக்கு? வீட்லயே உக்காத்தி வச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கல்யாணத்தை வேணாம்னா சொல்லியிருப்பேன்? ஒரு கொழந்தை கையிலேர்ந்து பிடுங்கி எங்களுக்கு வேஷம் காட்டணுமா?"ன்னார். ஹேமாகிட்ட மட்டும், "உன்மேல தப்பில்லம்மா"ன்னார். போயிட்டாங்க. அந்தப் பையன் அப்புறம் ரெண்டு மூணு தடவை போன் பண்ணினான். ஹேமா எடுத்து, "வேணாங்க, எங்க வீட்டு விஷயம் உங்களுக்கு வேணாம்"னு வச்சுட்டா. மார்கழி பொறக்கறதுக்குள்ள அவனுக்கு வேற எடத்துல முடிஞ்சுபோச்சு.

நீங்களே சொல்லுங்க சார், ஒரு அட்சரம் மாறாம நடந்துக்கிட்டிருந்ததா இல்லையா? எல்லாம் அமைஞ்சு வந்துச்சா இல்லையா? ஒரு வார்த்தையால கெட்டுப் போச்சு. சொந்த ரத்தமா இருந்தாலும் தள்ளி இருன்னு மாஸ்டர் சொன்னது எதுக்குன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அன்னிலேர்ந்து நான் ஹேமாகூடப் பேசறதில்ல. ஒரே வீடு, ஒரே சோறு, பேச்சு மட்டும் இல்ல. மொதல்ல "அப்பா, அப்பா"ன்னு வந்து நின்னா. நான் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துடுவேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு ஒரு நாளு நிறுத்திட்டா. நான் இழுத்து விடாத நாளு இல்ல சார். கெட்ட நெனப்பு வந்தாத்தான் இழுக்கணும். எனக்கு அவ சின்ன வயசு நெனப்பு வருது, அதுக்கும் இழுக்கறேன்.

டிக்கெட் வந்துடுச்சா? குடுங்க. பாத்தீங்களா, நான் சொன்னேன் இல்ல? நன்றி.

யார் குடுத்தாங்கன்னு முன்னாடி எட்டிப் பாக்கறீங்களா? பாக்காதீங்க சார். பாத்தா தெரிஞ்சுடும்.

சரி, பாத்துட்டீங்க. டிரைவருக்குப் பின்னாடி, நீலக் கோட்டு போட்டு உக்காந்திருக்கே ஒரு பொண்ணு. அவதான். எங்க கம்பெனியிலேயே பேக்கிங் செக்‌ஷன்ல கான்ட்ராக்ட் வேலை. டில்லிபாபு சொல்லி வாங்கிக் குடுத்தான். பி.காம். படிச்சுட்டு அட்டைப் பெட்டி ஒட்டறா. இந்த பஸ்ஸுல பொம்பளைங்களுக்குக் காசு கெடையாது, அவளுக்கு டிக்கெட் எடுக்க வேண்டிய அவசியமே இல்ல. தினம் ஒரு டிக்கெட் எடுத்து, பின்னாடி ஏழாவது சீட்டுக்குன்னு சொல்லிக் குடுத்து விடறா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா. எனக்குத் தெரியும் சார். ஆனா தெரியும்னு வச்சுக்கிட்டா, அப்புறம் மத்ததெல்லாம் தெரிஞ்ச மாதிரி ஆயிடும் இல்லையா? அதனால தானா வருதுன்னு வச்சுக்கறேன்.

நானா? நான் கேட்டுக்கு எதிர்ல டீக்கடைகிட்ட நிப்பேன். ஷிஃப்ட்டு சைரன் ஊதற வரைக்கும் நின்னு, அவ உள்ள போறதைப் பாத்துட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன். பயிற்சிக்காக.

ஒரு உதவி பண்றீங்களா சார்? பையில கைய வச்சுக்கிட்டே இருந்தேனே, இதுதான். அவளோட ஐ.டி. கார்டு. வீட்ல ஆணியிலேயே மாட்டிட்டு வந்துட்டா. இது இல்லாம கேட்டுல விட மாட்டாங்க, கான்ட்ராக்ட் ஆளுங்களை ஒரு நாளு திருப்பி அனுப்பினா மறுநாளு கூப்பிடறது சந்தேகம். வாலாஜாபாத்துல ஏறினதுலேர்ந்து பையில வச்சு அழுத்திக்கிட்டிருக்கேன். போய்க் குடுக்கணும்னா பேசணும். நான் பேசறதில்ல. டிக்கெட் வந்த மாதிரியே இதையும் கை மாத்தி அனுப்பிடுங்க. முன்னாடி நீலக் கோட்டுன்னு சொன்னா போதும். யார் குடுத்தாங்கன்னு சொல்லாதீங்க. தானா வந்துச்சுன்னு நெனச்சுக்கட்டும்.

போயிட்டிருக்கா? யாரு கையில இருக்கு? கூடைக்காரம்மா தாண்டிடுச்சா?

நான் கண்ணை மூடிக்கறேன். நீங்க பாத்துச் சொல்லுங்க. வாங்கிட்டாளா? திரும்பிப் பாக்கறாளா சார்? திரும்பினா சொல்லிடுங்க, நான் கண்ணைத் திறக்க மாட்டேன். திறந்தா அழுதுடுவேன். அழுதா அம்மா ஹேமான்னு கூப்பிட்டுடுவேன். கூப்பிட்டா அந்த வார்த்தைதான் சார் அடுத்து வாயில வரும், எனக்கு வேலை...

கொஞ்சம் இருங்க. இழுத்து விட்டுக்கறேன்.

இன்னொரு தடவை.

ம். போயிடுச்சு. இப்ப ஒண்ணும் இல்ல.

என்ன சார், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க? பஸ்ஸு நின்னுடுச்சா? அவ எறங்கிட்டாளா? நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கறாளா? கீழயா, படியிலயா?

வேணாம், சொல்லாதீங்க. கொஞ்சம் வழி விடுங்க சார். வேலைக்கு நேரமாச்சு.